நாலாவது பங்கு

அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வரும் பெண்ணுக்குச் சொந்தப் பெயர் ஒரு வருஷம் நிற்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. முதல் பிள்ளை பிறந்துவிட்டால் அந்தப் பெயரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் உருண்டை அம்மா, நெட்டையன் அம்மா, சோடாபுட்டி அம்மா என்று பிள்ளையின் பட்டப்பெயரே தாய்க்கும் ஒட்டிக்கொள்ளும். கூப்பிடுகிறவர்களுக்கு வசதி. திரும்பிப் பார்க்கிறவளுக்கு, வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், கொஞ்சம் பெருமை.

இவள் ஆறு வருஷம் வாலு அம்மாவாக இருந்தாள். வாலு என்றால் சும்மா பேருக்கு வாலு இல்லை. மூன்று வயதில் கோழியைப் பிடித்து வாளிக்குள் கவிழ்த்து, முட்டை போடாமல் வெளியே விடமாட்டேன் என்று வாளிமேல் ஏறி உட்கார்ந்துகொண்ட பெண். தெருவில் எந்தச் சாமான் காணாமல் போனாலும் முதலில் இவள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். முக்கால்வாசி நேரம் சாமானும் இங்கேதான் இருக்கும்.

மழை பிடித்த வாரத்தில் இரண்டு நாள் காய்ச்சலில் வாலு போய்விட்டாள். அழுது முடித்த பிறகு தெருவுக்கு ஒரு சங்கடம் வந்தது. இவளை இனிமேல் என்னவென்று கூப்பிடுவது? பழைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் புருஷனைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பான். சிலர் 'இந்தாம்மா' என்றார்கள், சிலர் 'ஏங்க' என்றார்கள். இன்னும் சிலர் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, கிட்டத்தில் வந்து தோளைத் தொட்டார்கள். தொட்டால் அவள் திடுக்கிட்டுப் போவாள். ஆறு வருஷமாக அவளைத் தொட்டுக் கூப்பிட்ட கை இடுப்பு உயரத்துக்குத்தான் எட்டும்.

ஐம்பத்து மூன்றாவது நாள் வெள்ளை வேன் வந்தது.

வேனிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் கையில் டேப்லெட்டோடு இறங்கினாள். தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிறோம், வீடு வீடாகப் பதிவு செய்கிறோம், விவசாயம் பார்க்கிற குடும்பங்களுக்கு மாதாமாதம் போனுக்கே பணம் வரும், கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம் என்றாள். தெரு வாயைப் பிளக்கவில்லை. சந்தேகமாகச் சிரித்தது.

"சும்மாவா குடுக்கறாங்க?" என்றாள் நாத்தனார். புருஷனின் மூத்த அக்கா, கைம்பெண்ணாகி இவர்களோடு வந்து இருப்பவள். "இந்த ஊர்ல சும்மா கிடைக்கிறது சளி ஒண்ணுதான்."

சின்னப் பெண் சிரித்துவிட்டு, இவள் பக்கம் திரும்பிக் கேட்டாள். "வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நாலு பேர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆறு வருஷமாக நாலு தட்டு கழுவி, நாலு பாய் விரித்த பழக்கம். புருஷன் வாசலில் உட்கார்ந்து கோணி ஊசியால் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசி பாதி வழியில் நின்றது. நாத்தனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலாவது ஆளுக்கு வயசு?"

"ஆறு."

ஊசி மறுபடி நகர்ந்தது. பேராசையில் சொன்ன பொய் இல்லை அது. ஆளுக்கு ஒரு பங்கு என்ற விஷயத்தையே அந்தப் பெண் அதற்கப்புறம்தான் சொன்னாள். அப்போதாவது திருத்தியிருக்கலாமே என்றால், இருக்கலாம்தான். திருத்தவும் வாயைத் திறந்தாள். ஆனால் திருத்த வேண்டுமானால் அந்த ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அவள் அதைச் சொன்னதே இல்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவள் கேட்டாள், அவ்வளவுதான். அதைச் சொல்வதைவிடப் பொய்யைத் தூக்கிச் சுமப்பது சுலபமாக இருந்தது.

பணம் உண்மையிலேயே வந்தது. போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது. புருஷன் டவுனில் போன் கடைக்குப் போய் நோட்டுகளாக வாங்கிக்கொண்டு வந்து, நாத்தனாரிடம் ஒரு தடவை, இவளிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, நிஜம்தானா என்று தானே ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் கெட்ட கனவு என்று சொல்ல முடியாது. நல்லதுதான் நடந்தது. ஓட்டை விழுந்த கூரை ஓடுகளைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். நாத்தனார் நாலு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். டவுனுக்குப் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல் போன இடத்தில் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வெங்காயத்தில்தான். அவர்கள் போடுவது வெங்காயம், ஒன்றரை ஏக்கர். பறித்து, தாளறுத்து, ஈரம் காய்வதற்குள் தரகர் வந்து நிற்பார். விதைக்கும் போது வாங்கிய முன்பணத்துக்கு அவர் சொன்னதுதான் விலை. வண்டியிலிருந்து இறங்கக்கூட மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியில் உட்கார்ந்தபடியே சாக்கு எண்ணுவார். இந்த வருஷம் விதைக்குக் கையில் காசு இருந்ததால் அவரிடம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் பட்டையால் நீளமாக அடைப்புக் கட்டி, கல்மேல் தூக்கி நிறுத்தி, காற்றுப் புகும்படி வெங்காயத்தை அதற்குள் கொட்டி வைத்தார்கள். தரகர் வழக்கம்போல வந்தார்.

"இப்போ விக்கிறதா இல்லைங்க," என்றான் புருஷன்.

"அழுகிப்போயிடும்ப்பா."

"அழுகினா எங்களோடதுதானே அழுகும்."

தரகர் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். அந்த வாசலில் அவர் செருப்பு பட்டது அதுதான் முதல் தடவை. நாத்தனார் அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் இறங்கிய விதத்தைப் பத்து நாள் தெரு முழுக்க நடித்துக் காட்டினாள்.

தரகர் போன பிறகு புருஷன் வெங்காய அடைப்பின் பின்பக்கம் போய் நின்றான். இவள் தேடிக்கொண்டு போனபோது மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"அன்னைக்கு அவன் கடையில நடுப்பகல் வரைக்கும் உக்காந்திருந்தேன்," என்றான். "ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டுட்டு உக்காந்திருந்தேன். பாதி குடுத்தான். இன்னைக்குச் சொன்ன இந்த ஒரு வார்த்தை அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா..."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும்.

அது இதுதான். புருஷன் தரகர் கடையில் காத்திருந்த அன்று காலை பதினோரு மணிக்கு, திருப்பத்தில் இரண்டு தடவை ஹாரன் அடித்துக்கொண்டு சரக்கு ஆட்டோ வந்தது. தினமும் அதே நேரத்துக்கு டவுனுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வண்டி. ஆட்டோக்காரர் வாசலில் பிள்ளை சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏறும்மா, ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விடுறேன். காசு வேணாம்," என்றார். வாலுவுக்கு அப்போது நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டாள், குடித்தாள். தன் விளையாட்டுக் கடையை நினைத்துக்கொண்டு, "இன்னைக்குக் கடை லீவும்மா," என்றுகூடச் சொன்னாள். பேசுகிற பிள்ளைதானே, புருஷன் பணத்தோடு வந்துவிடட்டும் என்று இவள் நினைத்தாள். வெறுங்கையோடு அங்கே போய் யார் முன்னால் நிற்பது, முன்பணம் கட்டு என்று விரட்டினால் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நினைத்தாள். "அவர் வந்துரட்டும்ண்ணே, நீங்க போங்க," என்றாள். ஆட்டோக்காரர் இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்னொரு தடவையும் அதையே சொன்னாள்.

ஒரு மணிக்குப் பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மணிக்குப் புருஷன் பாதி முன்பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டோக்காரரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வண்டி தினமும் வந்தது. பதினோரு மணிக்குத் திருப்பத்தில் இரண்டு ஹாரன். அந்தச் சத்தத்துக்கு அவள் கையில் எது இருந்தாலும் அப்படியே நிற்கும். வண்டி வாசலைத் தாண்டும்போது அவர் இந்தப் பக்கம் பார்க்க மாட்டார். யாரோ ஏறிக்கொள்ள ஒரு நொடி வேகம் குறைவதுபோல அவளுக்கு இருக்கும். பிறகு போய்விடும்.

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. வந்து இறங்கிய ஒவ்வொரு சாமானும் ஐம்பத்து மூன்று நாள் தாமதமாக வந்த சாமானாகவே அவளுக்குத் தெரிந்தது. மழைக்காலத்தில் வாலு படுக்கிற மூலையில் ஒழுகும். சட்டியை வைத்துவிட்டு, சொட்டும் சத்தத்தோடு சேர்ந்து வாலுவும் 'டொக்கு டொக்கு' என்று தாளம் போடுவாள். தகரம் போட்ட பிறகு அந்த மூலை காய்ந்து கிடந்தது. மழை பெய்யும்போது இவள் வேலையை விட்டுவிட்டு அந்த மூலையில் போய் நின்று பார்ப்பாள். ஒரு சொட்டு விழாது. ஆனாலும் சத்தம் கேட்கும். நாத்தனாருக்கும் கேட்கிறதோ என்று பார்ப்பாள். நாத்தனார் மட்டும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பாள். அவள் வாயை மூடுவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

மாதாமாதம் வருகிற பணத்தில் மூன்று பங்கு வீட்டுக்குப் போனது. நாலாவது பங்கை அவள் தனியாக எடுத்து வாலுவின் டப்பாவில் போட்டு வைத்தாள். வட்டமான பழைய பிஸ்கட் டப்பா அது. வாலு அதை வைத்துக் கடை நடத்தினாள். வெங்காயத் தோல்தான் பணம். சிவப்புத் தோல் பெரிய நோட்டு, வெள்ளைத் தோல் சில்லறை. கூழாங்கல்லையும் இலையையும் விற்று, அடாவடியாக விலை சொல்லி, நாத்தனாரிடமே இரண்டு தடவை ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறாள். தோல்கள் அந்த டப்பாவிலேயே கிடந்தன. நிஜ நோட்டுகளை அவற்றின் மேலேயே வைத்தாள். புருஷனுக்குத் தெரியும். நீ ஏன் இதைச் செலவு பண்ணவில்லை என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

எதிர் வீட்டில் இருப்பவள் உருண்டை அம்மா. புருஷன் கொத்தனார். சொந்தமாக அரை ஏக்கர் கொல்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே அடிபம்பு, ஒரே அரட்டை. இவளைவிட ஆறேழு வயது இளையவள். பிரசவ வலி எடுத்தபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டு, நகம் பதியக் கிள்ளி, கத்தித் தீர்த்துப் பெற்ற பெண்தான் உருண்டை. முதல் தடவை வேன் வந்தபோது கொத்தனார் நம்பவில்லை. இவர்களுக்குப் பணம் வருவதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை பதிந்துவிடலாம் என்று இருந்தார்கள்.

பம்படியில் ஒருநாள் உருண்டை அம்மா கேட்டாள். "அடுத்த வாரம் பதிய வர்றாங்களாம்க்கா. எங்களுக்கு மூணு பேருக்குத்தானே வரும்? உங்களுக்கு நாலு பேருக்கு வருதாமே."

விகல்பமில்லாமல்தான் கேட்டாள். ஆனால் அன்று காலை ஹாரன் சத்தம் கேட்டு இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவள் பம்பை அடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நாலாவது ஆளைத்தான் முன்னாடியே வாங்கிக்கிட்டாங்களே."

உருண்டை அம்மாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை தெருவைச் சுற்றி வந்துவிட்டது. போகும்போது ஒரு வார்த்தை, திரும்பி வரும்போது ஒரு கதை. ஆளுக்கு ஒரு பங்கு கொடுப்பார்களாம், வீட்டுக்கு ஒரு உயிர் எடுப்பார்களாம். வெங்காயக்காரர் வீட்டில் முன்கூட்டியே எடுத்துவிட்டார்களாம், அதனால்தான் பிள்ளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்களாம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சும்மா பணம் கொடுப்பார்கள் என்பதைவிட இதுதான் அவர்களுக்கு நம்பும்படியாக இருந்தது. வாழ்க்கையில் அதுவரை எதுவும் அவர்களுக்குச் சும்மா வந்ததில்லை.

அடுத்த வாரம் வெள்ளை வேன் வந்தபோது பதினோரு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உருண்டை அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். கண்ணாடி போட்ட பெண் தெருவின் நடுவே, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல், டேப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

இவள் தன் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய், நான் ஏதோ வயிற்றெரிச்சலில் சொன்னது என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நல்லவள்தான், ஆனாலும் சொல்லவில்லை. ஏனென்றால் தெருவின் கதையில் வாலுவை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். நிஜக் கதையில் வண்டி வந்து நின்றது, தாய் அனுப்பிவிட்டாள். ஒரு திருடன் இருப்பது அவளுக்குத் தேவையாக இருந்தது. கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு உருண்டை அம்மா பம்படிக்கு இவள் வராத நேரம் பார்த்து வந்தாள்.

ஏழு மாதம் போயிற்று. வெங்காய விலை ஏறத் தொடங்கியது. பத்து நாளைக்கு ஒரு தடவை அடைப்பில் அழுகல் பொறுக்க வேண்டும். ஒன்று அழுகினால் சுற்றி இருக்கிற நாற்பதையும் கெடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். மூங்கில் சந்தில் முகத்தை வைத்து, மோந்து மோந்து, கையை உள்ளே விட்டுச் சரியாக அந்த ஒன்றை எடுப்பாள் இவள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. என்ன என்று யோசித்தபோது புரிந்தது. எதிர் வீட்டில் தட்டுச் சத்தம் இல்லை. உருண்டைக்கு மூன்று வயது. விடிந்ததிலிருந்து அடையும்வரை தட்டும் கரண்டியுமாக ஊரைக் கூட்டுகிற பிள்ளை.

"அண்ணி, எதிர் வீட்டுல சத்தமே காணோம்?"

நாத்தனார் வெங்காயத் தாளைக் கூட்டிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு நாளா அனலாக் கொதிக்குதாம் அதுக்கு. கொத்தனார் வெளியூர் வேலைக்குப் போயிருக்கான். கையில காசு இல்லயாம். அவன் வந்ததும் கூட்டிட்டுப் போலாம்னு வச்சிக்கிட்டிருக்கா."

வந்ததும். அன்றைக்கு இவளும் அதைத்தான் சொல்லியிருந்தாள். கையிலிருந்த அழுகல் வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கை முழுக்க அழுகல் நாற்றம். கழுவ நேரம் இல்லை.

உருண்டை அம்மா வாசற்படியில் பிள்ளையை மடியில் போட்டு, நெற்றியில் ஈரத்துணி வைத்திருந்தாள். உருண்டையின் கன்னம் வற்றியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"தண்ணி," என்றது பிள்ளை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரு," என்றாள் இவள். "காசு இருக்கு. இந்தா."

மூடியைத் திறந்து நீட்டினாள். உருண்டை அம்மா டப்பாவைப் பார்த்தாள். அதன் மேலே இருந்த பிஸ்கட் படத்தைத் தெருவுக்கே தெரியும். முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

"வேணாங்க்கா. அந்தக் காசு வேணாம்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. பிள்ளை கொதிக்குது."

"கொதிக்கட்டும். அவர் நாளைக்கு வந்துருவார்." பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், அதை அந்தப் பக்கம் கொண்டு போங்க. என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

தான் பம்படியில் போட்டுவிட்டு வந்த வார்த்தை, ஏழு மாதம் தெருவில் வளர்ந்து, இப்போது இந்த வாசலில் குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டி அவளால் உள்ளே போக முடியவில்லை.

திருப்பத்தில் இரண்டு தடவை ஹாரன் கேட்டது.

அவள் ஓடினாள். தெருவின் நடுவே போய், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டிக்கு எதிரே நின்றுவிட்டாள். ஆட்டோக்காரர் பிரேக்கை அழுத்திய அழுத்தில் பின்னால் இருந்த கத்தரிக்காய்க் கூடை சரிந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ஜினை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க இவகிட்ட," என்றாள். சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உருண்டை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "யாரும் எடுத்துக்கிட்டுப் போகல. கேக்குதா? எம் பொண்ணை யாரும் எடுக்கல. அன்னைக்கு இதே வண்டி வந்துச்சு. ஏறுன்னு சொன்னார். காசு வேணாம்னு சொன்னார். வெறுங்கையோட அங்க போயி எப்படி நிக்கிறதுன்னு நான்தான் அனுப்பிட்டேன். தண்ணி கேட்டா, குடுத்தேன். பேசிக்கிட்டுத்தானே இருக்கான்னு நினைச்சேன். மத்தியானம் செத்துப் போயிட்டா."

சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை.

"காய்ச்சல்ல செத்துப் போயிட்டா. கையில காசு இல்லாததால செத்துப் போயிட்டா. அந்தப் பொண்ணு வந்து எத்தனை பேருன்னு கேட்டப்போ மூணுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் இந்தக் காசு. வேற ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை அந்தப் பொண்ணு வந்தா சொல்லிடுறேன். பம்படியில உன்கிட்ட சொன்னது பொய். நீ பதியாமப் போனதும் என்னாலதான்."

தெருவில் இரண்டு மூன்று கதவு திறந்திருந்தது. இவள் வாசலில் நாத்தனார் துடைப்பத்தோடு நின்றாள். அவள் பக்கத்தில் புருஷன். அவன் எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றான்.

ஆட்டோக்காரர் கைப்பிடியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை கேக்காம நானே இறங்கித் தூக்கிட்டுப் போயிருக்கணும். தினமும் இந்த இடத்துல அதுதான் தோணுது."

உருண்டை அம்மா யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள். உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து தெருவுக்கு வந்தாள்.

"வாலு அம்மா, இவளைப் பிடிங்க," என்றாள். "கதவைச் சாத்திட்டு வந்துடுறேன்."

பதினோரு மாதமாக யாரும் கூப்பிடாத பெயர். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அனல் கழுத்தில் பட்டது. ஆட்டோக்காரர் ஒரு கூடையை இறக்கிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, சாக்கை உதறி இடம் பண்ணினார். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்ததும் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம்தான் என்று நர்ஸ் போகிற போக்கில் சொன்னாள். உருண்டை அம்மா பிள்ளையோடு உள்ளே போனாள். இவள் பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். இந்த ஜன்னலுக்குத்தான் அன்றைக்கு அவள் பயந்தாள். சாதாரண ஜன்னல். கம்பிக்கு அந்தப் பக்கம் வழுக்கைத் தலையோடு ஒருவர், எதிரே ஆறிப்போன டீ.

"பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"எதிர் வீடுங்க."

டப்பாவிலிருந்து நோட்டுகளை அள்ளி உள்ளே தள்ளினாள். அவர் எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, இரண்டு நோட்டுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு வெங்காயத் தோல்.

"இது இங்க செல்லாதும்மா," என்றார். நல்ல மனுஷர், விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

"தெரியுங்க. எம் பொண்ணோட கடையில செல்லும்."

"ஓ, கடை வச்சிருக்காங்களா? எங்க?"

"மூடியாச்சுங்க," என்றாள் வாலு அம்மா.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ரசீதுமேல் அந்தத் தோலை உடையாமல் வைத்து, கம்பிக்கு அடியில் நகர்த்தினார். உள்ளே ஊசி போட்டிருப்பார்கள்போல. உருண்டை வீறிட்டு அழுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.